குற்றாலம் போய் வந்தும் அலுப்புத் தீராதது ஏன்?

ஆனி மாதம் சாரல் பிடித்துவிட்டது என்ற சேதி வந்ததும், எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி குடும்பத்தோடு குற்றாலம் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தார். வருடம் முழுவதும் கடையும் கணக்கும் கைபேசியுமாகக் கிடப்பவர். மலையையும் மரத்தையும் பார்த்தால் மனம் தெளியும் என்று நம்பிப் போனவர். திரும்பி வந்த மறுநாள் காலை, "எப்படி இருந்தது அண்ணாச்சி, அலுப்பெல்லாம் தீர்ந்ததா?" என்று கேட்டேன். "அத ஏன் கேக்கிய தம்பி, போகும்போது இருந்த அலுப்பு வரும்போது ரெண்டு மடங்கா கூடிட்டு" என்றார்.

பேசப் பேச விவரம் தெரிந்தது. அருவியில் நின்றபோதும் அவர் கழுத்தில் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் கைபேசி தொங்கியிருக்கிறது. ஐந்தருவியில் எடுத்த படத்தைப் பழைய அருவிக்குப் போகும் வழியிலேயே உறவினர் குழுவுக்கு அனுப்பி, வந்த பதில்களுக்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறார். சரக்கு லாரி எங்கே வருகிறது என்று நாளுக்கு நாலு முறை பேசியிருக்கிறார். இரவில் விடுதி அறையில் படுத்தபடி கிரிக்கெட் பார்த்திருக்கிறார். மூன்று நாளும் அவருடைய உடம்பு மலையடிவாரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் இரண்டு விதமான பேச்சுகள் நம்மிடையே உலவுகின்றன. கைபேசி விஷம், காடு மருந்து என்பது ஒன்று. இதெல்லாம் வேலையற்ற பட்டணத்துக்காரர்களின் புது மோஸ்தர் என்பது மற்றொன்று. இரண்டுமே உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. தொழில்நுட்பத்திலிருந்து சற்று விலகி இயற்கைக்கு நடுவே இருக்கும்போது மனத்தில் எது தேய்வது நிற்கிறது, எது ஊறுகிறது என்பதை, முன்னறிவு எதுவும் இல்லாதவருக்கும் புரியும்படி சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

## விஷம் என்ற உவமையில் உள்ள கோளாறு

'டிஜிட்டல் டிடாக்ஸ்' என்ற சொல் இப்போது எங்கும் அடிபடுகிறது. டிடாக்ஸ் என்றால் நச்சு நீக்கம். முன்பெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவியதைப்போல, மூளையில் சேர்ந்துவிட்ட ஏதோ ஒன்றை இரண்டு நாள் காட்டு வாசம் கழுவித் தள்ளிவிடும் என்ற எண்ணம் இந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. சிலர் அந்த நச்சுக்குப் பெயரும் சூட்டிவிட்டார்கள். டோபமின் என்கிறார்கள்.

டோபமின் என்பது நரம்புச் செல்கள் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்று. அது நச்சு அன்று. கையைத் தூக்குவதற்கும் எட்டு வைத்து நடப்பதற்கும்கூட அது வேண்டும். மூளையின் ஒரு பகுதியில் அதைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோவதால் வருவதுதான் பார்க்கின்சன் நோய். ஆகவே டோபமினை வெளியேற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் சொல்வதை நம்பி விரதம் இருக்க வேண்டியதில்லை. கைபேசிக்கும் டோபமினுக்கும் தொடர்பு உண்டு. அது என்ன வகைத் தொடர்பு என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

கழுவ வேண்டிய அழுக்கு எதுவும் இல்லையென்றால், அண்ணாச்சிக்கு அலுப்புத் தந்தது எது? ஏதோ சேர்ந்துவிட்டது என்பதைவிட ஏதோ தீர்ந்துவிட்டது என்று கேள்வியைத் திருப்பிப் போட்டால் விடை கிடைக்கிறது. தீர்ந்துபோனது கவனம்.

## ஒரே குளம், பல மடைகள்

தாமிரபரணிப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கவனத்தைப் பற்றிச் சொல்வது எளிது. பாளையங்கால்வாய் வழியாக நிரம்பும் ஒரு குளத்தை எண்ணிக்கொள்வோம். குளம் ஒன்று, மடைகள் பல. எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் எந்த வயலுக்கும் முழுதாகத் தண்ணீர் போகாது. அதிலும் கடைமடை வயல் காய்ந்தே கிடக்கும். எந்த மடையை எப்போது திறப்பது, எதை அடைப்பது என்று பார்த்து நடத்துவதற்குத்தான் ஊரில் நீர்பாய்ச்சி என்று ஓர் ஆள் இருந்தார். அவருடைய திறமையில் பெரும்பங்கு திறப்பதில் இல்லை; அடைப்பதில் இருந்தது.

கவனமும் அப்படியே. அதில் இரண்டு வகை உண்டு என்பதை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே தெளிவாக எழுதினார். பட்டாசு வெடித்தால் திரும்பிப் பார்க்கிறோம். அதற்கு முயற்சி தேவையில்லை. இதை இழுபடும் கவனம் என்று சொல்லலாம். கடையில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் பேரேட்டில் கூட்டல் போடுவது வேறு வகை. மனத்தைப் பிடித்து ஓர் இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. இதைச் செலுத்தும் கவனம் என்போம். மாலை ஆறு மணிக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் இருசக்கர வண்டி ஓட்டுகிறவர் முழுக்க முழுக்க இதைக்கொண்டுதான் உயிரோடு வீடு சேருகிறார்.

செலுத்தும் கவனத்தின் உண்மையான வேலை ஒன்றைப் பார்ப்பதைவிட மற்ற ஒன்பதைப் பார்க்காமல் தடுப்பதுதான். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணாச்சி சும்மா உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். உள்ளே நீர்பாய்ச்சி ஓடியோடி மடைகளை அடைத்துக்கொண்டிருக்கிறார்.

கைபேசி இந்த வேலையை இரண்டு வழிகளில் கூட்டுகிறது. முதலாவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தையதன் ஒரு பகுதி மனத்தில் தங்கிவிடுகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதற்குக் கவன எச்சம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பாதி எழுதிய பதிலை நிறுத்திவிட்டு வாடிக்கையாளருக்குப் பருப்பு நிறுத்துக் கொடுக்கும்போது, எடை போடுவது கை. பதிலை எழுதிக்கொண்டிருப்பது மனம். இரண்டாவது, ஒலிக்காத கைபேசியும் ஒரு மடைதான் என்று தோன்றுகிறது. 2017-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு மனத்திறன் சோதனைகளைச் செய்தவர்களைவிட, அதை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். பின்னர் நடந்த எல்லா ஆய்வுகளும் அதே முடிவைத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; ஆனாலும் சட்டைப்பையை அடிக்கடி தடவிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது விளங்காத செய்தி அல்ல.

இதுவரை பார்த்தது இவ்வளவே: கவனம் அளவுக்கு உட்பட்டது, முயன்று செலுத்தும் கவனம், தானாக இழுபடும் கவனம் என்று அதில் இரண்டு வகை உண்டு, முயற்சி தேவைப்படும் வகையே களைக்கிறது.

## கிணறு ஊற வேண்டும்

கோடையில் மோட்டாரைத் தொடர்ந்து ஓடவிட்டால் கிணறு வற்றிவிடும். மோட்டாரை நிறுத்திவிட்டு, விடிய விடியக் காத்திருந்தால் ஊற்றுக்கண் வழியே கசிந்து மறுபடியும் மட்டம் ஏறும். நாம் வாளி வாளியாக எதையும் கொண்டுபோய் ஊற்ற வேண்டியதில்லை. இறைப்பதை நிறுத்தினால் போதும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் 1989-இல் விரிவாக முன்வைத்த கருத்து ஏறத்தாழ இதுதான். அதைக் கவன மீட்புக் கோட்பாடு என்று அழைக்கிறார்கள். செலுத்தும் கவனம் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும். தேய்ந்த நிலையில் மனிதர்கள் எளிதில் எரிந்து விழுவார்கள், சின்னத் தவறுகள் செய்வார்கள், படித்த வரியையே திரும்பப் படிப்பார்கள். அந்தக் கவனத்துக்குச் சற்று நேரம் வேலை கொடுக்காமல் இருந்தால் அது மீண்டும் ஊறும். கிணறு என்பது புரிவதற்காகச் சொன்ன உவமை என்பதை மறந்துவிடக் கூடாது. மூளையில் சரியாக எந்தப் பொருள் அல்லது எந்தச் செயல் தேய்கிறது என்பது அறிஞர்களிடையே இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். படுத்துக்கொண்டு காணொளி பார்ப்பதற்கு எந்த முயற்சியும் தேவையில்லையே, அதுவும் ஓய்வுதானே? முயற்சி இல்லை என்பது உண்மை. ஆனால் இழுபடும் கவனத்திலும் தரம் உண்டு. கடைசி ஓவரில் நாலு ரன் வேண்டும் என்ற கட்டத்தில் ஒருவர் மனத்தில் வேறு எதற்கும் இடம் இருக்காது. இந்த வகை ஈர்ப்பு மனத்தை முழுதாக ஆக்கிரமித்துக்கொள்கிறது. அதோடு, கைபேசித் திரை இடைவிடாமல் சின்னச் சின்னத் தீர்ப்புகளையும் கேட்டுக்கொண்டே இருக்கிறது: பார்க்கலாமா, தள்ளலாமா, பதில் போடலாமா, யாருக்கு அனுப்பலாம், இதற்கு மைத்துனர் கோபித்துக்கொள்வாரா. மோட்டார் நிற்கவில்லை, சத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

## கை தானாகப் போவது ஏன்

இது தெரிந்த பிறகும் கை கைபேசியை நோக்கிப் போகிறதே என்றால், அதற்குத்தான் டோபமினைப் பற்றிய சரியான செய்தி உதவுகிறது. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1990-களில் குரங்குகளைக்கொண்டு செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. ஒரு சைகையைக் காட்டி, பிறகு பழச்சாறு கொடுத்தார்கள். தொடக்கத்தில் சாறு கிடைத்தபோது டோபமின் செல்கள் துடித்தன. பழகியபின் அவை சாற்றுக்குத் துடிக்கவில்லை, சைகைக்கே துடித்தன. எதிர்பார்த்த சாறு வராதபோது அவற்றின் துடிப்பு அடங்கியது. எனவே டோபமினை இன்பத்தின் பொருள் என்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளும் பொருள் என்பது பொருத்தம். சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையில் வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: அல்வா கைக்கு வருவதற்கு வெகு முன்னரே, கதவு திறக்கும் சத்தத்திலேயே நாக்கு ஊறத் தொடங்கிவிடும்.

இதோடு இன்னொன்று சேர்கிறது. பரிசு எப்போதும் கிடைத்தால் ஆர்வம் மட்டுப்படும். எப்போதும் கிடைக்காவிட்டால் விட்டுவிடுவோம். எப்போது கிடைக்கும் என்று தெரியாவிட்டால்தான் விடவே மாட்டோம். பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும்கொண்டு இதை நிறுவினார். நிச்சயமற்ற வெகுமதி என்பது இதன் பெயர். திரையை நூறு முறை தள்ளுகிறோம்; மூன்று முறை நல்லது எதுவோ வருகிறது; அந்த மூன்று எவை என்று முன்கூட்டித் தெரியாததுதான் தூண்டில். 2006-இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய, அடியே தட்டாத, தள்ளத் தள்ள முடிவே வராத உருட்டுத் திரை, நிறுத்துவதற்கு ஓர் இடம்கூட இல்லாமல் செய்துவிட்டது. பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார்.

தூண்டில் என்றதும் ஒரு கேள்வி வரலாம். குளக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் கெண்டை எப்போது கடிக்கும் என்று தெரியாது. ஆனால் அவர் அலுத்துப்போய் எழுந்து வருவதில்லையே? நல்ல கேள்வி. ஒரு கடிக்கும் அடுத்த கடிக்கும் நடுவில் அவர் முன்னால் இருப்பது தண்ணீர். விஷயத்தின் மையத்துக்கு அது நம்மைக் கொண்டுவந்து விடுகிறது.

## தண்ணீரைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது

திருநெல்வேலி குறுக்குத்துறையில் முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வராத நாள்களில், காலை ஆறரை மணிக்குப் படித்துறையில் உட்கார்ந்தால், பாறையைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் போவது தெரியும். ஒரு கொக்கு அசையாமல் நிற்கும். எதிர்க்கரை நாணல் காற்றுக்கு ஒரு பக்கம் சாயும். யாரோ துணி துவைக்கும் சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்து சேரும். இவற்றுள் எதுவும் நம்மைப் பார் என்று வற்புறுத்துவதில்லை. ஆனால் கண்ணுக்கு ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர் ஒரு நொடி போனதுபோல மறுநொடி போவதில்லை, அதனால் சலிப்பதும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே வேறொன்றை நினைக்கலாம், நினைக்காமலும் இருக்கலாம்.

கவனத்தை இழுத்தும் மனத்தை நிரப்பிவிடாத இந்தத் தன்மையை மெல்லீர்ப்பு என்று சொல்லலாம். கப்லான் தம்பதியரின் கோட்பாட்டில் முக்கியமான கருத்து இது. வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மனத்தைப் பிடித்து வைக்கவே முயற்சி தேவைப்படும். கிரிக்கெட் பார்த்தால் மனத்தில் இடமே இருக்காது. ஓடும் தண்ணீர், அசையும் இலை, நகரும் மேகம் ஆகியவை இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. நீர்பாய்ச்சிக்கு அடைப்பதற்கு மடை எதுவும் இல்லாததால் அவர் வரப்பில் துண்டை விரித்துச் சற்றுப் படுத்துக்கொள்கிறார்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களிடம் எண்களை வரிசையாகச் சொல்லி, அவற்றைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். செலுத்தும் கவனத்தைக் கேட்கும் சோதனை அது. பிறகு ஒரு நாள் மரங்கள் அடர்ந்த பூங்காவிலும், இன்னொரு நாள் கடைத்தெருவிலும் ஏறத்தாழ 50 நிமிடம் நடந்துவிட்டு வரச் செய்தார்கள். பூங்காவில் நடந்து வந்தபோது எண்களை முன்னைவிட நன்றாகச் சொன்னார்கள். கடைத்தெரு நடையில் அப்படிப்பட்ட முன்னேற்றம் இல்லை. என்னைக் கவர்ந்த செய்தி வேறொன்று: கடுங்குளிரில் நடந்தவர்கள் அந்த நடையை ரசிக்கவில்லை என்றாலும் அவர்களுக்கும் பலன் கிடைத்தது. அப்படியானால் இது மகிழ்ச்சியின் விளைவு மட்டும் அல்ல. சிறிய ஆய்வுதான், பின்னர் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது பலன் உண்டு, ஆனால் அது மிதமானது என்றே தெரிகிறது. அற்புதம் எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

கைபேசியே இல்லாத காலத்து ஆய்வு ஒன்றும் உண்டு. ரோஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றின் 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளை எடுத்து, பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரை ஒப்பிட்டு 1984-இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த படுக்கையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்தவர்களைவிட ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வலுவான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. காட்டுக்குள் போனால்தான் உண்டு என்பதில்லை என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். கொல்லையில் நிற்கும் வேப்பமரமும் கணக்கில் சேரும்.

சுருக்கமாகச் சொன்னால், இயற்கை மனத்துக்குள் எதையும் ஊற்றுவதில்லை. மெல்லீர்ப்பைத் தந்து, களைத்த கவனத்துக்கு ஓய்வு கிடைக்கும்படி செய்கிறது.

## சிக்னல் போய்விட்டால் போதுமா

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை கடந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, கைபேசித் தொடர்பும் இல்லை. தொழில்நுட்பத்திலிருந்து முழுமையான விலகல்; சுற்றிலும் தண்ணீரும் வானமும். யாருக்காவது மனம் தெளிந்ததா? ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கி நின்ற ரயிலுக்குள் இருந்தவர்களின் வீட்டார், ஒரே ஒரு அழைப்பு வராதா என்று தவித்துக்கொண்டிருந்தார்கள்.

இணைப்பு அறுவது வேறு, ஓய்வு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. விலகல் நாமே தேர்ந்தெடுத்ததாகவும் கால அளவு தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். நமக்கு வேண்டியவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற நிச்சயமும் வேண்டும். முன்னால் இருக்கும் இயற்கையும் அச்சுறுத்தாததாக இருக்க வேண்டும். பெருக்கெடுத்து வரும் ஆறும் கவனத்தை இழுக்கும். ஆனால் அது கடைசி ஓவரைவிடப் பல மடங்கு கடுமையான ஈர்ப்பு. ஆகவே வீட்டில் சொல்லாமல் கைபேசியை அணைத்துவிட்டுப் போகிறவர் தமக்கும் ஓய்வு தருவதில்லை, வீட்டாரையும் நிம்மதியாக விடுவதில்லை.

இன்னோர் உதாரணமும் சொல்லலாம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்க் காட்டில் தங்கும் வழக்கம் நம் பக்கத்தில் நெடுங்காலமாக உண்டு. அங்கே தங்கி வந்தவர்கள் களைப்போடும் மனநிறைவோடும் திரும்புகிறார்கள். கூட்டமும் கொட்டும் சமையலும் நேர்த்திக்கடனுமாக இருக்கும் அந்த நாள்கள் தருவது உறவும் பக்தியும். கவனத்துக்கு ஓய்வு என்பது அதன் நோக்கமே அல்ல. காட்டில் இருப்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது.

## வெளிச்சத்தின் பங்கு

ஊர் விட்டு ஊர் போய்க் காட்டோரம் தங்குபவர்களுக்குத் தூக்கம் நன்றாக வருவதற்குக் காரணம் காற்று மட்டும் அல்ல, வெளிச்சமும்தான். உடம்பின் உள்ளே ஒரு நாள்கணக்கு ஓடுகிறது, உடற்கடிகாரம் என்பார்கள். பகல் வெளிச்சத்தைப் பார்த்து அது நேரத்தைத் திருத்திக்கொள்ளும். இருட்டத் தொடங்கியதும் மெலடோனின் என்ற சுரப்பின் மூலம் உடம்புக்கு இரவு வந்துவிட்டதாக அறிவிக்கும். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தள்ளித் தரும் வெளிச்சம் ஏறத்தாழ ஒரு லக்ஸ். குழல் விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். உச்சி வெயிலில் அது ஒரு லட்சத்தை எட்டும். நாம் பகலில் போதிய வெளிச்சம் இல்லாமலும் இரவில் போதிய இருட்டு இல்லாமலும் வாழ்கிறோம். 2013-இல் அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் எட்டுப் பேரை ஒரு வாரம், வெயிலும் நெருப்பும் தவிர வேறு வெளிச்சமே இல்லாமல் கூடாரத்தில் தங்கவைத்தபோது, அவர்களுடைய மெலடோனின் சுரப்பு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே தொடங்கியது. கைபேசித் திரையின் நீல ஒளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மிகை; அறை விளக்கும், பகலில் வெயிலே படாத வாழ்க்கையும் கூட்டாளிகள்.

## தன்னைச் சந்திப்பது என்றால்

காட்டுக்குப் போனால் தன்னைக் கண்டடையலாம் என்ற பேச்சு எனக்கு எப்போதும் சற்றுச் சங்கடத்தைத் தரும். யாரோ ஒளித்து வைத்த பொருளைப்போல 'தான்' என்பது பொதிகை மலையில் கிடப்பதில்லை. நடப்பது மிகச் சாதாரணமானது. வெளியிலிருந்து வேலை எதுவும் இல்லாதபோது மூளை சும்மா இருப்பதில்லை. அப்போதுதான் அதன் சில பகுதிகள் கூட்டாகச் சுறுசுறுப்படைகின்றன. நடந்ததை நினைப்பது, நடக்கப்போவதை எண்ணிப் பார்ப்பது, பிறர் மனத்தை ஊகிப்பது ஆகியவற்றோடு தொடர்புடைய அந்தப் பகுதிகளின் தொகுப்பை இயல்நிலை வலையமைப்பு என்று தமிழில் சொல்லலாம். மார்க்கஸ் ரெய்க்ல் என்பவரின் 2001-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகு இது பரவலாக அறியப்பட்டது.

குளத்து உவமைக்குத் திரும்பினால், இதுதான் கடைமடை வயல். மேலே எல்லா மடைகளும் திறந்திருக்கும்வரை அதற்குத் தண்ணீர் வராது. அவை அடைபட்டதும் வந்து சேரும். அப்போது முளைப்பவை எல்லாம் இனிமையானவை என்று சொல்ல முடியாது. தம்பியோடு பேசாமல் போன நாலு வருடம், திருப்பிக் கொடுக்காத கடன், அப்பாவின் கடைசி நாள்கள் என்று வரிசையாக வரும். இதனால்தான் பலருக்குச் சும்மா இருப்பது அவ்வளவு கடினமாக இருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், 15 நிமிடம் தனியறையில் எதுவும் செய்யாமல் உட்காரச் சொன்னபோது, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும், தாங்கள் முன்பே வேண்டாம் என்று சொன்ன மின்னதிர்ச்சியைத் தாங்களே தமக்குக் கொடுத்துக்கொண்டார்கள். சும்மா இருக்கும் சுகம் என்று நம் பெரியவர்கள் சொன்னதைச் சுலபமான காரியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே வேதனையைத் திரும்பத் திரும்ப மனத்தில் உருட்டுவதற்கு அசைபோடுதல் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. தனியறையில் அது எளிதில் பற்றிக்கொள்ளும். 2015-இல் கலிஃபோர்னியாவில் செய்த ஆய்வில், 90 நிமிடம் புல்வெளியும் மரங்களும் உள்ள வழியில் நடந்தவர்களிடம் அசைபோடுதல் குறைந்தது. போக்குவரத்து மிகுந்த சாலையோரம் நடந்தவர்களிடம் குறையவில்லை. வெற்று அறைக்கும் ஆற்றங்கரைக்கும் உள்ள வேறுபாடு மறுபடியும் மெல்லீர்ப்புதான்: நினைவு கடுமையாகும்போது கண் ஒரு மீன்கொத்தியின் பின்னால் போய்விட்டு, சற்று நேரம் கழித்துத் திரும்பி வருகிறது. மனத்தின் நிலையை நிலத்தோடும் பொழுதோடும் சேர்த்தே சொன்ன திணை மரபு நமக்கு இருப்பதால் இது அவ்வளவு புதிய செய்தியாகவும் தோன்றவில்லை. ஆனால் ஆழ்ந்த துக்கத்திலோ மனச்சோர்விலோ இருப்பவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. கூட ஒருவர் போகட்டும், மருத்துவரையும் பார்க்கட்டும்.

## எங்கே, எவ்வளவு நேரம்

இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் விவரங்களை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் நல்ல உடல்நலமும் மனநிறைவும் உள்ளவர்களாகத் தம்மைச் சொல்லிக்கொண்டதாகக் காட்டியது. ஒரே மூச்சில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு தெரியவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்கள் என்றும் இதற்குப் பொருள் சொல்ல முடியும் என்பதால், 120 என்ற எண்ணை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மூன்று நாள் விடுப்பும் விடுதி வாடகையும் தேவையில்லை என்பதற்கு அது போதிய சான்று.

நம் பக்கத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. நாங்குநேரி அருகே கூந்தன்குளத்தில் தை முதல் சில மாதங்களுக்கு மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் அவற்றைக் காத்துவருகிறார்கள். முண்டந்துறை, மாஞ்சோலைப் பக்கம் போவதென்றால் அவை புலிகள் காப்பகப் பகுதி என்பதால் வனத்துறையின் அனுமதியையும் நேரக் கட்டுப்பாட்டையும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இவற்றை எல்லாம்விட, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் படித்துறையோ குளக்கரையோ நல்லது. போவதற்கே ஒரு திட்டம் போட வேண்டியிருந்தால் அந்தத் திட்டம் கவனத்தைத் தின்றுவிடும். அணையில் தண்ணீர் திறந்துவிடும் நாள்களில் படியில் இறங்கக் கூடாது என்பதை ஆற்றங்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கைபேசியைத் தூக்கி எறியவும் வேண்டாம். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அதை அணைத்து வண்டிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டால் போதும். சட்டைப்பையில் வைத்தால் வராத அழைப்புக்கும் நெஞ்சருகே அதிர்வதுபோல் தோன்றும். முதல் பத்து, இருபது நிமிடங்கள் மனம் குறுகுறுக்கும். கடையைப் பூட்டினோமா, கேஸை அணைத்தோமா என்று தேவையற்றதெல்லாம் வரும். கவன எச்சம் கரைய நேரம் ஆகும் என்பதால் இதைத் தோல்வி என்று எண்ணி எழுந்துவிடக் கூடாது. படம் எடுக்கத் தோன்றினால் எடுக்காமல் இருப்பது நல்லது. எடுத்த படம் உடனே யாருக்கு அனுப்பலாம் என்ற அடுத்த மடையைத் திறந்துவிடும்.

திரும்பும்போது ஒரு பிழை நேர்வதுண்டு. படித்துறையிலிருந்து எழுந்ததுமே கைபேசியை உயிர்ப்பித்தால், அணைத்து வைத்திருந்த நேரத்தில் சேர்ந்த நாற்பது செய்திகளும் ஒரே மூச்சில் வந்து விழுந்து, ஊறிய கிணற்றை ஐந்து நிமிடத்தில் இறைத்துவிடும். அண்ணாச்சி இப்போது ஞாயிறு காலையில் குறுக்குத்துறைக்கு வருகிறார். வண்டிப் பெட்டியை வீட்டு வாசலில்தான் திறக்கிறார். அதுவும் காபி குடித்த பிறகு.